தாராவியின் தள்ளுவண்டியும் சதுர அடிக் கணக்கும்

பட்டறை எத்தனை சதுர அடி என்று கேட்கிறோம். அந்தப் பட்டறையின் வண்டி எங்கிருந்து எதுவரை உருள்கிறது என்று எவரும் கேட்பதில்லை. தாராவி மறுசீரமைப்பைக் குறித்து நம் ஆய்வுலகில் நடந்துவரும் விவாதத்தின் பெருங்குறை இது என்பது என் கருத்து. சிறிய பவுடர் பூச்சுப் பட்டறைகளில் சரக்கைச் சூளைக்குள் கொண்டுசெல்லும் தள்ளுவண்டியை முன்வைத்து அதை விளக்க முயல்கிறேன். ஒரு வண்டிச் சக்கரத்தைப் பற்றி ஆய்வு மாணவர் இவ்வளவு நீளமாக எழுதவேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எழுதவேண்டும் என்றே நினைக்கிறேன்.

தொழிலை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சன்னல் கம்பி, நாற்காலிக் கால், மின்விசிறிக் கூண்டு, மிதிவண்டிச் சட்டம் போன்றவற்றின்மீது நீர்மச் சாயத்துக்குப் பதிலாக உலர்ந்த பிசின் பொடியைத் தூவி, சூளையில் உருக்கிப் படலமாக்கும் முறையே பவுடர் கோட்டிங். 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் பொடியைக் காற்றால் மிதக்கவைத்து, சூடேற்றிய பொருளை அதில் முக்கியெடுக்கும் முறையை உருவாக்கினார். பின்னர் வந்த மின்னேற்றத் துப்பாக்கி முறையே இன்று பரவலாக வழங்குகிறது. துப்பாக்கி முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். மின்னேற்றம் பெற்ற பொடி, எர்த் செய்யப்பட்ட இரும்பை நாடிச்சென்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அந்த இரும்பு 180 முதல் 200 பாகை வெப்பத்தை எட்டி, அங்கே பத்து முதல் இருபது நிமிடம் நிலைகொள்ளவேண்டும். இங்கே கணக்கில் வருவது இரும்பின் சூடு. சூளைக் காற்றின் சூட்டைக் காட்டும் முள்ளை மட்டும் நம்பினால், தடித்த சரக்கு வேகாமல் வெளியே வந்துவிடும்.

தூவும் இடத்துக்கும் சூளை வாய்க்கும் இடையே சில அடித் தொலைவு உண்டு. வண்டிக்கு வேலை அங்கேதான். அந்தச் சில அடிகளில் பொடி இரும்பைப் பற்றிக்கொண்டிருப்பது மின்னேற்றத்தின் தயவால் மட்டுமே. விரல் பட்டால் போயிற்று. வண்டி ஒரு மேட்டில் முட்டினாலும் பொடி உதிர்ந்து, உருகிய பின் அந்த இடம் வெறும் இரும்பாகப் பல்லிளிக்கும். ஆகவே சக்கரம் பெரிதாக இருந்தால் சூளை வாயின் விளிம்பைக் குலுக்கலின்றித் தாண்டும். ஆனால் சக்கரம் பெரிதானால் வண்டியின் தட்டு உயரும். தட்டு உயர்ந்த அளவுக்குச் சூளையில் பயன்படும் உயரம் குறையும். ஆறடிச் சூளையில் அரையடியைச் சக்கரத்துக்குத் தாரைவார்த்தால், சில வகைச் சரக்கை இனி எடுக்கவே முடியாது. இந்தப் பேரத்தை ஒவ்வொரு பட்டறைக்காரரும் தமக்கு வரும் சரக்கைப் பார்த்துத் தனித்தனியாக முடித்துக்கொள்கிறார்.

சக்கரம் எதனால் ஆனது என்பது அடுத்த கேள்வி. கடையில் எளிதில் கிடைக்கும் ரப்பர், பாலியூரித்தேன், சாதாரண நைலான் சக்கரங்கள் இந்தச் சூட்டில் நிற்கா. வார்ப்பிரும்புச் சக்கரம் நிற்கும். ஆனால் அதன் பேரிங்கில் உள்ள கிரீஸ் நிற்காது. பொதுவாக வழங்கும் லித்தியம் கிரீஸ் ஏறத்தாழ 180 முதல் 200 பாகைக்குள் இளகிச் சொட்டத் தொடங்கும். அதாவது சரக்கு வேகும் அதே சூட்டில் கிரீஸும் ஒழுகும். சூடு தாங்கும் சிலிகோன் கிரீஸைப் போடலாமே என்றால், சிலிகோனின் சிறு துளி படலத்தில் பட்டாலும் அம்மைத் தழும்புபோல் குழி விழும். எனவே கிராபைட் தூளையோ, எண்ணெயே வேண்டாத தளர்வான புஷ்ஷையோ நாடவேண்டியிருக்கிறது. தளர்வு எவ்வளவு என்பதற்கும் கணக்குண்டு. ஒன்றரை மீட்டர் நீள எஃகுச் சட்டம் 30 பாகையிலிருந்து 200 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். தண்டவாளத்துக்குள் கச்சிதமாகப் பொருத்திய வண்டி, குளிர்ந்திருக்கையில் உள்ளே போய்விடும்; சூடேறியபின் இறுகிக்கொண்டு வெளியே வராது.

இன்னொன்று எடை. வண்டியை வலுவாகச் செய்யவேண்டும் என்று கனத்த ஆங்கிள் இரும்பில் பற்றவைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் சரக்கோடு வண்டியையும் சேர்த்துச் சூடாக்கவேண்டும். 50 கிலோ எஃகு வண்டியை அறை வெப்பத்திலிருந்து 200 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 1.2 யூனிட் மின்சாரம் செலவாகும். அதில் ஒரு பைசாவையும் வாடிக்கையாளரிடம் கேட்டுப் பெறமுடியாது. அதனால்தான் வேறொரு வடிவமைப்பும் உண்டு: வண்டி சூளைக்குள் நுழைவதே இல்லை. சரக்கு தொங்கும் மெல்லிய சட்டம் மட்டும் வண்டியிலிருந்து நழுவிச் சூளையின் தண்டவாளத்துக்கு மாறும். வண்டி வெளியே ஆறியபடி நிற்கும். அப்போது சக்கரத்துக்கு எந்தச் சாதாரணப் பொருளும் போதும். ஆனால் வண்டியின் உயரமும் தண்டவாளத்தின் உயரமும் இம்மியும் பிசகக்கூடாது. தரை சமமாக இருக்கவேண்டும். தாராவியில் சமமான தரை எங்கே இருக்கிறது?

எர்த் பற்றியும் ஒரு சொல். சரக்கு, கொக்கி, தொங்குகம்பி, வண்டி என்று சங்கிலியாக வந்து மண்ணில் இறங்கும் பாதையில் மின்தடை 1 மெகாஓமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். கொக்கியின்மேலும் பொடி படிந்து வெந்து கெட்டியாவதால், சில சுற்றுகளுக்குப் பிறகு கொக்கியே மின்காப்பு உறை போட்டுக்கொள்ளும். அதைச் சுரண்டாமல் விட்டால் பொடி ஒட்டாது. தூவுபவரின் கையில் பொறி தட்டவும் கூடும். கொக்கியைச் சுரண்டும் வேலை பெரும்பாலும் பட்டறையில் ஆகச் சிறியவனுக்கு வாய்க்கிறது. தரத்தின் பாதி அவன் கையில் இருக்கிறது. கூலி அதைச் சொல்வதில்லை.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் நடுவில் வண்டி செய்யும் ஒருவரிடம், ஆயத்தமாக விற்கும் சக்கரங்களை ஏன் வாங்குவதில்லை என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்; மூன்றாம் தலைமுறை. “சக்கரம் எந்தக் கடையிலயும் கிடைக்கும் தம்பி. நம்ம சந்துக்கு உள்ள சக்கரம் எந்தக் கடையிலயும் கிடைக்காது” என்றார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது அவர் சொன்ன சக்கரத்தைவிட அவர் சொன்ன சந்தைப் பற்றித்தான் அதிகம்.

ஏனெனில் இவ்வகைப் பட்டறையில் வண்டியின் பாதை சுவரோடு முடிவதில்லை. கீழே சூளையும் தூவும் மறைப்பும், மேலே பரணில் படுக்கையுமாக இருக்கும் வீட்டுப் பட்டறைக்குள் சரக்கைக் கொக்கியில் மாட்டவும் வெந்ததை ஆறவைக்கவும் இடம் ஏது? அவ்விரண்டும் சந்தில் நடக்கின்றன. வண்டியின் அகலம் கதவின் அகலத்தால் முடிவாகிறது என்று நாம் எண்ணுவோம். உண்மையில் எதிர்வீட்டுப் படியும், மூலையில் நிற்கும் பைக்கும், நீர்ப் பீப்பாயும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. திரும்ப இடமில்லாத சந்தில் நான்கு சக்கரமும் சுழலும் வண்டி வேண்டும். ஆனால் நான்கும் சுழன்றால் சரிவில் அது தன் போக்கில் நழுவும். இரண்டு நிலையானவை, இரண்டு சுழல்பவை என்று வைத்தால் நேராக ஓடும். திரும்ப அகலம் கேட்கும். குழாயில் நீர் வரும் நேரத்தில் வண்டி வெளியே வராது. பள்ளி விடும் நேரத்தில் வெந்த சரக்கு வெளியே வராது. மழைக்காலத்தில் சந்தே இல்லாமற் போவதால் ஒரு நாளின் சுற்றுகள் குறையும். எழுதப்படாத இந்த உடன்படிக்கையில் எத்தனை ஆண்டுச் சச்சரவும் சமாதானமும் அடங்கியிருக்கும் என்பதை வண்டியின் அளவே சொல்லும்.

இப்போது அரசின் அளவுகோலுக்கு வருவோம். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு முன்னணிக்கு வந்தது. 2023 ஜூலையில் மகாராஷ்டிர அரசு அதை உறுதிசெய்தது. 80 விழுக்காடு குழுமத்துக்கும் 20 விழுக்காடு அரசுக்கும் உரிய நிறுவனம் ஒன்று பணியை நடத்துகிறது. 2024இல் தொடங்கிய வீடுவீடான கணக்கெடுப்பில் லேசர் கற்றையைக் கொண்டு அளக்கும் லைடார் கருவிகளும் பயன்பட்டன. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருந்ததற்குச் சான்று உள்ளதா, தரைத்தளமா மேல்தளமா என்பவை தகுதியை முடிவுசெய்யும் கேள்விகள். மும்பையின் குடிசைச் சீரமைப்பு விதிகளில் குடியிருப்பல்லாத இடத்துக்குப் பதிலாக விலையின்றிக் கிடைக்கும் பரப்பு 20.90 சதுர மீட்டர், அதாவது 225 சதுர அடி.

225 சதுர அடி போதுமா என்ற வாதத்திலேயே நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். குறைவு என்கிறது ஒரு தரப்பு. இப்போது இருப்பதே அவ்வளவுதானே என்கிறது மறுதரப்பு. இரண்டும் ஒரே அளவுகோலை ஏற்றுக்கொண்டுவிட்டன. லேசர் கற்றை சுவரைத் தொட்டுத் திரும்புகிறது. சுவருக்கு வெளியே வண்டி உருளும் இருபது அடியை அது பொதுவழி என்று பதிவுசெய்கிறது. அந்த இருபது அடியை நாளில் சில மணிநேரம் பட்டறையாகவும் சில மணிநேரம் நீர்த்துறையாகவும் விளையாட்டிடமாகவும் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. எனவே இழப்பீட்டுக் கணக்கில் அது சுழி. அடுக்குமாடித் தொழிற்கூடத்தின் ஐந்தாம் தளத்தில் அதே 225 சதுர அடி கிடைத்தாலும், வெளியே இருப்பது நடைவழி. நடைவழியில் வெந்த இரும்பை ஆறவைக்கத் தீயணைப்பு விதி இடம்தராது. தராமல் இருப்பதும் நியாயமே. ஆக, பட்டறை மாற்றிடம் பெற்றுவிடும். அதன் வேலையில் பாதி எங்கும் போக வழியின்றி நிற்கும்.

அமெரிக்காவில் வீட்டுக் கார்க்கொட்டகையிலேயே பவுடர் பூச்சுச் சூளை கட்டிக்கொள்வோர் பலர். பழைய சமையல் அடுப்பில் தொடங்கி, தகடும் கனிமக் கம்பளியும் கொண்டு ஆளுயரச் சூளை எழுப்பி, அதற்கு உருளும் வண்டியும் தாங்களே பற்றவைக்கிறார்கள். அவர்கள் மல்லாடுவதும் இதே கேள்விகளோடுதான்: சக்கரம் உள்ளே போகலாமா, கிரீஸ் என்ன செய்வது, வாசல் விளிம்பில் பொடி உதிராமல் எப்படித் தாண்டுவது. ஆனால் இரண்டு கார் நிற்கும் கொட்டகை ஏறத்தாழ 400 சதுர அடி. அதற்கு முன்னால் கார் வந்து நிற்கும் சொந்தப் பாதை வேறு. வண்டி அதில் உருண்டால் எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லமாட்டார். அங்கே அது பொழுதுபோக்குப் பொறியியல். இங்கே அதே வண்டி, அதே சூளை, ‘குடிசைத் தொழில்’. சொல் மாறும்போது சட்டத்தின் பார்வையும் மாறிவிடுகிறது.

பாதையைத் துண்டித்தால் தொழில் என்னாகும் என்பதற்குத் தாராவியின் வரலாறே சான்று. பாந்திராவின் அறுவைக்கூடத்திலிருந்து தோல் வந்துசேரும் தொலைவில் இருந்தது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே தோல் பதனிடும் தொழில் வேர்கொண்டதற்கான காரணங்களுள் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் வந்ததும் பெரிதும் அந்தத் தொழிலைப் பற்றித்தான். 1971இல் அறுவைக்கூடம் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாறியது. தாராவியில் அன்று எவருடைய தொட்டியும் ஒரு சதுர அடி சுருங்கவில்லை; பச்சைத் தோலின் பாதைதான் நீண்டது. பதனிடும் தொட்டிகள் பிற்பாடு வெளியேறியதற்கு மாசு முதலிய வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ‘பரப்பளவு அப்படியே இருந்தது’ என்ற வாக்கியம் எவ்வளவு பொருளற்றதாக இருக்கக்கூடும் என்பதை அந்த ஆண்டு காட்டுகிறது.

நம் பங்குக்கு வருகிறேன். மாட்டுங்காவில் வேதித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. மேற்பரப்புப் பூச்சைத் தனிப் படிப்பாகவே கற்பிப்பது. சற்றுத் தள்ளி, 1887இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பப் பயிலகமாகத் தொடங்கி, இன்று வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் என்று வழங்கும் கல்லூரி. செம்பூர்ப் பக்கம் தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். பொடி எப்படி உருகுகிறது என்று அறிந்தவர்கள் ஒரு பக்கம். மனிதர் எப்படிப் பெயர்க்கப்படுகிறார் என்று அறிந்தவர்கள் மறுபக்கம். தாராவி இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. நம் துறைப் பிரிவினை அப்படியே நிலத்தில் விழுந்து படிந்ததுபோல் இருக்கிறது. சமூகவியல் மாணவர் பட்டறைக்குப் போனால் ஊதியம், சாதி, குடிபெயர்வு பற்றிக் கேட்கிறார். வண்டி அவர் கண்ணுக்குப் பின்னணிப் பொருள். பொறியியல் மாணவர் போனால், பெரும்பாலும் போவதில்லை.

நான் வாசித்த வரையில் தாராவி பற்றிய எழுத்தில் தோல், மண்பாண்டம், மறுசுழற்சி, அப்பளம் ஆகிய நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. மறுசுழற்சிக்காரர் பிளாஸ்டிக்கை நொறுக்கும் இயந்திரத்தைச் செய்து தருகிறவரும், பூச்சுப் பட்டறைக்குச் சூளையும் வண்டியும் பற்றவைத்துத் தருகிறவரும் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகிறார்கள். திரைப்படங்களைக் கேட்கவே வேண்டாம். தாராவித் தமிழர் என்றால் ஒன்று தாதா, இல்லையேல் தலைவர். லேத்துப் பட்டறைக்காரர் கதாநாயகனுக்கு மாமாவாகக்கூட வருவதில்லை. அரசின் பட்டியலும் இதற்கு இளைத்ததன்று. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு: கருமார் உண்டு, பூட்டுச் செய்வோர் உண்டு. பரம்பரைத் தொழிலாக வராமல், பம்பாய்க்கு வந்தபின் பற்றவைப்பைக் கற்றவருக்கு அதில் பெயரில்லை.

இத்தகைய அறிவை ‘ஜுகாட்’ என்று பாராட்டும் வழக்கம் மேலாண்மைத் துறையில் உண்டு. 2012இல் அந்தப் பெயரிலேயே ஒரு நூல் வந்து புகழ்பெற்றது. அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது ஜுகாட். மேலே சொன்ன வண்டியில் வெப்பவிரிவு, எர்த் பாதை, எடை, உராய்வு, திரும்பும் ஆரம் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று இழுக்க, நடுவே ஓர் அளவு முடிவாகிறது. இதே வேலையை அலுவலகத்தில் கணினிமுன் அமர்ந்து செய்தால் வடிவமைப்பு என்கிறோம். சொல்லாமல் அறியும் அறிவு என்று மைக்கேல் போலன்யியை மேற்கோள் காட்டி நகர்ந்துவிடுவதும் போதாது. இவர்கள் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர். ஏன் இந்தச் சக்கரம் என்று கேட்டால் அரைமணி நேரம் சொல்கிறார்கள். கேட்டுக் குறித்துக்கொள்ளாத நம் சோம்பலுக்கு ‘சொல்லாத அறிவு’ நல்ல போர்வையாகிவிட்டது.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். வீட்டோடு சேர்ந்த சூளை ஆபத்தானது. காற்றில் அடர்ந்த பொடி பொறி பட்டால் தீப்பற்றும். பாலியெஸ்டர்ப் பொடிகளில் கெட்டிப்படுத்தியாகப் பயன்பட்டுவரும் டிஜிஐசி என்ற வேதிப்பொருள் மரபணுவைச் சிதைக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்டதால் ஐரோப்பாவில் பெரும்பாலும் மாற்றுப் பொருளுக்குப் போய்விட்டார்கள். பூச்சுக்கு முன் துருவும் எண்ணெயும் நீக்கும் அமில, பாஸ்பேட் தொட்டிகளின் கழிவு நீர் எங்கே போகிறது என்று கேட்டால் முகம் மாறும். மேலே பரணில் குழந்தை உறங்கும் வீட்டில் இவையெல்லாம் தொடரலாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சூளை வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதை ஏற்கிறேன். எங்கே, எந்தத் தளத்தில், எந்தப் பாதையோடு என்பதே வழக்கு. பல பட்டறைகளுக்குப் பொதுவாகத் தரைத்தளத்தில் ஒரு சூளைக்கூடமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அமைத்து, வண்டிகளின் அகலத்தை முதலில் அளந்து, அதற்கேற்பக் கதவையும் பொருள்தூக்கியையும் வரைந்தால் இன்றைய ஆபத்தில் பெரும்பகுதி நீங்கும், தொழிலும் பிழைக்கும். இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. வரைபடம் முடிவாகும்முன் அளவுகள் மேசைக்கு வரவேண்டும், அவ்வளவுதான். கட்டிடம் எழுந்தபின் பொருள்தூக்கியின் கதவை அரையடி அகலப்படுத்தச் சொல்லி எந்த நீதிமன்றத்திலும் வெல்லமுடியாது.

அந்த அளவுகளை எடுக்க இப்போது நாங்கள் நால்வர் இருக்கிறோம், போதாது. பொறியியல் படிப்பவர் இருவரும், சந்துகளின் தமிழையும் இந்தியையும் ஒருசேரப் புரிந்துகொள்பவர் இருவரும் கிடைத்தால் நன்று. ஒவ்வொரு பட்டறையிலும் வண்டியின் நீளம், அகலம், சக்கரத்தின் விட்டம், அது ஒருநாளில் உருளும் தொலைவு, சந்தில் நிற்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்து, உரிமையாளர் விரும்பினால் மட்டுமே பதிவுசெய்வோம். பெயரும் கதவு எண்ணும் எங்கள் ஏட்டில் இடம்பெறா. அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் கொண்டுவந்தால் போதும். காலை பத்து மணிக்குமேல் வாருங்கள். அதற்குமுன் சந்தில் குடங்கள் வரிசையில் நிற்கும், வண்டிக்கே இடமிருக்காது.